ஏழு ஆண்டுகள் பறந்த ட்ரோனும் கிடைக்காத பேட்டரியும்

பண்ருட்டியில் இருக்கும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் அழைத்து, நான் வைத்திருக்கும் அதே மாடல் ட்ரோன் இரண்டு பேட்டரிகளோடு பதினெட்டாயிரம் ரூபாய்க்கு வருகிறது, வாங்கலாமா என்று கேட்டார். தன் முந்திரித் தோப்பை மேலிருந்து பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. 2018-இல் வாங்கியதிலிருந்து இதைப் பறக்கவிட்டு வரும் எனக்கு, இதன் மீது எவ்வளவு அன்போ, அவ்வளவு கோபம் இதைச் செய்த நிறுவனத்தின் மீது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கடலூருக்கு வடக்கே தாழங்குடாவில், தென்பெண்ணை கடலில் சேரும் முகத்துவாரத்தை மாதம் ஒரு முறையாவது படமெடுக்கிறேன். புறப்படும் இடமும் 60 மீட்டர் உயரமும் மாறுவதில்லை. ஃபெஞ்சல் புயல் மழையால் 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஆற்றில் வந்த பெருவெள்ளத்துக்கு முன் கரை எப்படி இருந்தது, பின் எப்படி ஆனது என்பதை ஒரே லென்ஸ் எடுத்த படங்களாக அடுக்கி வைத்துப் பார்க்க முடிகிறது. வேறு கேமராவுக்கு மாறினால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும். இரும்புக் கதவையே அரித்துவிடும் உப்புக் காற்றில் இத்தனை ஆண்டுகள் பறந்தும் நான்கு மோட்டார்களில் ஒன்றைக்கூட நான் மாற்றியதில்லை. கேமராவைத் தாங்கும் கிம்பலின் பட்டை கேபிள் ஒருமுறை கிழிந்தபோது, புதுச்சேரியில் ட்ரோன் பழுது பார்க்கும் இளைஞர் ஒருவர் அரை நாளில் சரிசெய்து கொடுத்தார்.

அவராலும் சரிசெய்ய முடியாதது பேட்டரி. லித்தியம் பாலிமர் பேட்டரிக்கு ஆயுள் குறைவு என்பது தெரிந்ததே. முழுச் சார்ஜில் வெயிலில் வைத்தால் இன்னும் விரைவாகக் கெடும் என்பதால், பறக்காத நாட்களில் பாதிச் சார்ஜில் நிழலில்தான் வைத்திருந்தேன். அப்படியும் நான்கில் இரண்டு உப்பிவிட்டன, மூன்றாவதின் உள்ளே இருக்கும் மின்கலங்களில் (செல்களில்) ஒன்று தளர்ந்துவிட்டது. அதற்குள் நிறுவனம் இந்த மாடலுக்குப் பேட்டரி, உதிரிபாகம், மென்பொருள் மேம்படுத்தல் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. செல்களை மட்டும் வாங்கி வெல்டு செய்து மாற்றிவிடலாமே என்று கேட்டேன். பேட்டரிக்குள் இருக்கும் சிப், பழைய செல்லைக் கழற்றியதும் அதைப் பெருங்கோளாறாகப் பதிந்துகொண்டு பூட்டிக்கொள்கிறது என்றும், அதைத் திறக்கும் மென்பொருள் வெளியே யாருக்கும் தரப்படுவதில்லை என்றும் அந்த இளைஞர் விளக்கினார். செல் கிடைக்கிறது, மாற்றும் கை இருக்கிறது, ஒரு பூட்டு மட்டும் தடுக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

வேறு வழியின்றி, பொருந்தும் என்று விற்கப்பட்ட வேறொரு தயாரிப்புப் பேட்டரியை வாங்கினேன். மூன்றாவது பறத்தலில், ஆற்றின் நடுவே நிற்கும்போது 41 சதவீதம் காட்டிய அளவு சட்டென்று 9-க்கு விழுந்தது. ட்ரோன் தானாகவே இறங்கத் தொடங்கியது. கீழே தண்ணீர். ரிமோட்டின் குச்சியை முழுக்க முன்னே தள்ளி, ஈர மணலின் விளிம்பில் எப்படியோ இறக்கினேன். அந்தப் பேட்டரியை அதன்பின் தொடவில்லை.

ட்ரோனை இயக்கும் கைபேசிச் செயலியின் நிலையும் இதுதான். இது 32 பிட் என்ற பழைய முறையில் எழுதப்பட்ட செயலி. 2022-இல் வந்த பிக்சல் 7 தொடங்கி, 32 பிட் செயலிகளை அறவே ஏற்காத ஆண்ட்ராய்டு கைபேசிகள் சந்தைக்கு வந்துவிட்டன. என் புதிய கைபேசியும் ஏற்கவில்லை. ஆகவே இதற்காகவே ஒரு பழைய கைபேசியைப் பாதுகாத்து வருகிறேன். அதன் பேட்டரியும் இப்போது தளர்ந்து வருகிறது.

பேட்டரி கிடைக்காததற்கு அரசின் தடைதான் காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். 2022 பிப்ரவரி 9 அன்று வந்த தடை, வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்வதற்கே. உதிரிபாகங்களுக்கு அதில் விலக்கு உண்டு. ஆகவே என் பேட்டரிக்கு அதைக் காரணமாகச் சொல்ல முடியாது. பழைய மாடலை என்றென்றும் தயாரிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆதரவை நிறுத்தும் நாளில் அந்தப் பூட்டைத் திறக்கும் மென்பொருளையும், புதிய கைபேசிகளில் ஓடும் கடைசிச் செயலி ஒன்றையும் பொதுவில் தந்துவிட்டுப் போகலாம். அதற்கு அவர்களுக்குப் பெரிய செலவு எதுவும் ஆகிவிடாது.

நண்பரிடம் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ட்ரோனின் அரசுப் பதிவைத் தன் பெயருக்கு மாற்றும் அலைச்சலும் அவருக்கு இருக்கிறது. இவ்வளவு நன்றாக உழைத்த ஒரு பொருளை வாங்காதீர்கள் என்று சொல்வது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. பிறகு, விற்பவர் அந்த இரண்டு பேட்டரிகளைத் தனியாகக் கொடுப்பாரா என்று விசாரிக்கச் சொன்னேன். தரமாட்டாராம், எல்லாம் சேர்த்துத்தானாம். ஞாயிற்றுக்கிழமை பழைய கைபேசியை எடுத்துக்கொண்டு பண்ருட்டிக்குப் போகிறேன். ஒவ்வொரு பேட்டரியிலும் உள்ள மூன்று செல்களின் மின்னழுத்தமும் ஒன்றாக இருந்தால், பதினெட்டாயிரத்தையும் நானே கொடுத்து வாங்கிவிடுவேன்.