கிளையன்ட் டீம்ல ஃபைல் போட்டு வேலை செய்யாதீங்க, எனக்கு 27,000 போச்சு

ஃபிக்மாவுல (ஆப், வெப்சைட் ஸ்க்ரீன் டிசைன் பண்ற ஆன்லைன் சாஃப்ட்வேர்) ஃப்ரீலான்ஸ் பண்றவங்க, முக்கியமா இப்பதான் ஆரம்பிச்சிருக்கற பசங்க, இத படிச்சிட்டுப் போங்க. கம்பெனி பேர் போடல, கேக்காதீங்க, கேஸ் கீஸ்னு இழுத்துட்டு அலைய எனக்குத் தெம்பில்ல.

வீட்டுச் சாப்பாடு டெலிவரி ஆப். 22 ஸ்க்ரீன், மொத்தம் 32,000 பேசி 5,000 அட்வான்ஸ் ஜிபேல வந்துச்சு. மொத நாளே "ப்ரோ, எங்க ஃபிக்மா டீம்ல உங்கள எடிட்டரா சேத்துட்டோம், அங்கயே பண்ணிடுங்க, டெவலப்பர் அப்பப்ப பாத்துக்குவாரு"ன்னாங்க. எனக்கு சந்தோசம்தான், ஃப்ரீ பிளான்ல இருக்கறவனுக்கு அடுத்தவன் காசு கட்ற பிளான்ல உக்காந்து வேலை பாக்கறது ஓசி ஏசி மாதிரி. அங்கதான் மாட்டுனேன். அவங்க டீம் ப்ராஜெக்ட்டுக்குள்ள நாம உருவாக்கற ஃபைல் அவங்க டீமோடது, எல்லா ஃப்ரேமும் நானே வரைஞ்சாலும் அங்க நான் வெறும் விருந்தாளி, எப்ப வேணா வெளிய அனுப்பலாம்.

அஞ்சு வாரம் ஓடுச்சு. கடைசி நாள் ராத்திரி "சூப்பர் ப்ரோ, இதான் ஃபைனல், காலைல பேமெண்ட் போட்டுர்றோம்"னு மெசேஜ். காலைல ஃபைல தொறந்தா அனுமதி இல்ல, வேணும்னா ரிக்வஸ்ட் பண்ணுன்னு வருது. வேற மெயில்ல லாகின் பண்ணிட்டேன் போலன்னு ரெண்டு தடவ வெளிய போய் உள்ள வந்து, கடைசில அந்த ரிக்வஸ்ட் பட்டனையும் அமுக்கித் தொலைச்சேன், இப்ப நெனச்சாலும் அதுதான் கூசுது. வாட்ஸ்அப்ல ப்ளூ டிக் வருது, பதில் வரல, போன் அடிச்சா கட்.

பணத்த விட வலிச்சது என்னன்னா ஆதாரம் பூரா அந்த ஃபைலுக்குள்ள மாட்டிக்கிச்சு. எந்த நாள் எத வரைஞ்சேன்னு வெர்ஷன் ஹிஸ்டரி, அவங்க "இத மாத்துங்க அத மாத்துங்க"ன்னு போட்ட கமென்ட்டு எல்லாம் அங்க. என் கைல மிஞ்சுனது வாட்ஸ்அப் சாட்டும் ரெண்டு ஸ்க்ரீன்ஷாட்டும்தான்.

வக்கீல் ஃப்ரெண்ட் ஒருத்தன்ட்ட கேட்டேன். 1957 காப்பிரைட் சட்டப்படி உரிமைய எழுத்துல கையெழுத்து போட்டு மாத்திக் குடுத்தாதான் செல்லும், நீ அப்படி எதும் குடுக்கலயேன்னான். சரிதான், ஆனா 27,000க்கு கோர்ட்டு வாசல் ஏறுனா பஸ் செலவும் டீ செலவும் அதத் தாண்டிரும். நோட்டீஸ் ஒண்ணு போயிருக்கு, பதில் இல்ல.

இப்பல்லாம் ஃபைல் என் அக்கவுன்ட்லதான், முழுப்பணம் வந்தப்பறம்தான் அவங்களுக்கு மாத்தி விடுறது. "பாக்கற அனுமதி (வியூ) மட்டும்தான குடுத்தேன்"னு அசால்ட்டா இருக்காதீங்க, வியூ லிங்க் வச்சிருக்கறவனும் அவன் ட்ராஃப்ட்ஸ்க்கு, அதாவது அவனோட சொந்த ஃபைல் இருக்கற எடத்துக்கு, ஒரு காப்பி எடுத்துக்கலாம், என் லிங்க்க தம்பி அக்கவுன்ட்ல தொறந்து பாத்தேன், அப்படியே முழுசா வந்துருச்சு. அத தடுக்கற செட்டிங் ஷேர் பக்கத்துல இருக்கு, ஆனா பெய்டு பிளானுக்குத்தான். காசு கட்டாதவங்க வாட்டர்மார்க் போட்ட பிடிஎஃப் அனுப்புங்க, இல்ல மீட்ல ஸ்க்ரீன் ஷேர் பண்ணிக் காட்டுங்க. கிளையன்ட் டீம்லதான் வேலைன்னு அடம் புடிச்சா தெனமும் சாயங்காலம் உங்க கம்ப்யூட்டர்ல ஒரு லோக்கல் காப்பி இறக்கி வச்சுக்கங்க, கமென்ட்டும் ஹிஸ்டரியும் அதுல வராது, அதத் தனியா ஸ்க்ரீன்ஷாட் எடுங்க.

போன வாரம் அந்த ஆப் ப்ளே ஸ்டோர்ல வந்துருச்சு. ஒரு ஐகான் கூட மாத்தல. டெலிவரி அட்ரஸ் ஸ்க்ரீன்ல சும்மா சாம்பிளுக்குன்னு எங்க வீட்டு கதவு நம்பரும் தெருப் பேரும் அடிச்சு வச்சிருந்தேன், அதக் கூட அழிக்காம அப்படியே ஸ்க்ரீன்ஷாட்டா போட்டு வச்சிருக்கானுங்க. அம்மாட்ட காட்டுனேன். கண்ணாடிய போட்டு நல்லா உத்துப் பாத்துட்டு, "நம்ம வீட்டு அட்ரஸ்தான்டா, அப்ப சாப்பாடாவது வருமா?"ன்னு கேக்குது.