நாகர்கோவிலில் சொந்தக் காசில் நாவல் போட ஒரு கடை

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எழுத உட்கார்ந்தவர்கள் நம் மாவட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். எழுதி முடித்ததை எங்கே கொண்டுபோய் அச்சடிப்பது என்று என்னிடம் கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் அறிவியல் புனைகதை நாவலைப் புத்தகமாக்கித் தந்த டிடிபி கடை, மணிமேடைக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருக்கிறது. பலகையில் ஜெராக்ஸ், லேமினேஷன், கல்யாணக் கார்டு என்றுதான் எழுதியிருக்கும். ஒரு நேரத்தில் ஒரு புத்தகம்தான் எடுக்க முடியும், அதனால் பெயர் போட வேண்டாம் அண்ணாச்சி என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டார். மாடியேறி விசாரித்தால் போதும்.

எனக்கு வயது 63. முப்பந்தல், ஆரல்வாய்மொழி பக்கம் காற்றாலை மெயின்டனன்ஸில் இருந்தவன். 225 கிலோவாட் மெஷின்களில் வேலை பழகினேன். கோபுரத்துக்குள் ஏணியில் ஏறி, மேலே கியர்பாக்ஸ் ஆயில் பார்த்துவிட்டு இறங்குவதுதான் பிழைப்பு. மே கடைசியில் இருந்து செப்டம்பர் வரை கணவாய் வழியே அடிக்கிற காற்று ஒரு வருஷம் வராமலே போனால் என்ன ஆகும்? அந்தக் கேள்வியை வேலையில் இருந்த காலமெல்லாம் மனதில் வைத்திருந்தேன். அதுதான் நாவல். கதை 2091-இல் நடக்கிறது. போனில் செல்லினம் என்ற தமிழ் கீபோர்டைப் போட்டு, அத்தனையும் தமிழில் அடித்தேன்.

இந்தக் கடைக்கு வருமுன் விளம்பரம் பார்த்து ஓர் ஆன்லைன் பதிப்பு நிறுவனத்தில் பேக்கேஜ் எடுத்திருந்தேன். எடிட்டிங் என்று சொல்லி, என் டெக்னீசியன்கள் பேசுகிற நாஞ்சில் பேச்சை முழுக்கச் செய்தி வாசிப்பவர் பேச்சாக மாற்றி அனுப்பினார்கள். பழையபடி ஆக்கித் தரச் சொன்னால் அதற்குத் தனிக் கட்டணம். ஐஎஸ்பிஎன் என்கிற புத்தக அடையாள எண்ணுக்கும் ஒரு தொகை போட்டிருந்தார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இந்தியாவில் ஐஎஸ்பிஎன் இலவசம். மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் வரும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஏஜென்சி கொடுக்கிறது. எழுதியவரே தன் பெயரில் ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். வயதானவர்கள் விசாரிக்க மாட்டார்கள் என்ற நினைப்பில்தான் இப்படிக் கேட்கிறார்கள் என்று நினைக்கிறேன். விசாரியுங்கள்.

சரி, கடைக்கு வருவோம். யூனிகோடில் அடித்த ஃபைலைக் கொண்டுபோனால், அதெல்லாம் எடுக்காது, பாமினி என்ற பழைய எழுத்துருவில் மறுபடி அடிக்க வேண்டும், பக்கத்துக்கு இவ்வளவு ஆகும் என்று சொல்கிற இடங்கள் இன்னும் உண்டு. மறுபடி அடித்தால் மறுபடி பிழை வரும். இங்கே லேஅவுட் பார்க்கிற பெண் என் ஃபைலை அப்படியே இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேரில் கொட்டினார். முதலில் 'கொ', 'கோ' எல்லாம் கொம்பு தனி, கால் தனி என்று சிதறித்தான் வந்தது. "பயப்படாதீங்க சார், கம்போசரை மாத்தணும், அவ்வளவுதான்" என்று சொல்லி, இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கிற வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற செட்டிங்குக்கு மாற்றினார். எழுத்தெல்லாம் சேர்ந்துகொண்டது.

அந்தப் பெண்ணின் வேலையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்துத்தான் புரூஃப் பார்த்தார். என் நாவலில் எண்ணும் அலகும் அதிகம். காற்று நொடிக்கு 3 மீட்டருக்குக் கீழே போனால் மெஷின் சுற்றாது, 25-ஐத் தாண்டினால் தானாகவே நின்றுவிடும். கதையே இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் ஓடுகிறது. ஓரிடத்தில் '3' ஒரு வரியின் கடைசியிலும் 'மீ/வி' அடுத்த வரியின் தொடக்கத்திலும் விழுந்திருந்தது. நான் சொல்வதற்கு முன்பே அவர் கண்ணில் பட்டுவிட்டது. "படிக்கிறவங்களுக்கு மூணுன்னா என்னன்னு ஒரு நிமிஷம் தடுமாறும்லா சார்" என்று சொல்லிவிட்டு, புத்தகம் முழுக்கத் தேடி எண்ணையும் அலகையும் பிரியாமல் கட்டினார். 'காற்றாலைகள்' உடைந்து 'ள்' மட்டும் தனியாக அடுத்த வரிக்குப் போன இடங்களையும் ஒவ்வொன்றாக இழுத்துச் சேர்த்தார். பெரிய பதிப்பகப் புத்தகங்களிலேயே இந்தக் கவனத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. என் வட்டாரப் பேச்சில் ஒரு எழுத்தைக்கூட அவர் தொடவில்லை. சந்தேகம் வந்தால் கேட்டார்.

அச்சு விவரம் கேட்கிறவர்களுக்கு: டெமி அளவு, 192 பக்கம், அதாவது 16 பக்கம் கொண்ட ஃபாரம் 12. தாள் 70 ஜிஎஸ்எம் நேச்சுரல் ஷேட். என் வயதுக்காரர்களும் சிரமமில்லாமல் படிக்க எழுத்தை 12 பாயின்ட் வைக்கச் சொன்னேன். 100 பிரதி டிஜிட்டலில், ஒரு பிரதி 105 ரூபாய். லேஅவுட் கூலி தனி. பைண்டிங் கோட்டாறில் ஒருவரிடம் போகிறது. விரித்துப் படித்தாலும் தாள் கழலவில்லை.

குறை உண்டு. அட்டை வடிவமைப்பு இவர்களுக்குக் கைவரவில்லை. முதலில் போட்டுக் காட்டியதில் ஒரு ராக்கெட்டும் கண்ணாடிக் கட்டடங்களும் இருந்தன. என் கதையில் இரண்டும் இல்லை. அதோடு இன்டர்நெட்டில் எடுக்கிற படத்துக்கு உரிமை யாருடையது என்ற பிரச்சினையும் இருக்கிறது. நான் ஆரல்வாய்மொழியில் மலைக்கு முன்னால் நிற்கிற காற்றாலைகளை எடுத்த போட்டோவைக் கொடுத்தேன். அது நன்றாக வந்தது. நீங்களும் அட்டைப் படத்தோடு போங்கள். இன்னொன்று, விற்பனைக்கு இவர்கள் பொறுப்பில்லை. கட்டைக் கட்டிக் கையில் கொடுப்பார்கள், அப்புறம் கடை கடையாகப் போவது நம் வேலை.

கேட்டால் அதே ஃபைலை இ-பப் என்ற மின்னூல் வடிவமாகவும் மாற்றித் தருகிறார்கள். நான் அமேசானின் கிண்டிலில் ஏற்றினேன். ஏற்றுவதற்குக் காசில்லை. சந்தா கட்டிப் படிக்கிற கிண்டில் அன்லிமிடெட்டில் சேர்த்தால் 90 நாளைக்கு அந்த மின்னூலை வேறெங்கும் கொடுக்கக் கூடாது. அச்சுப் புத்தகத்துக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. துபாயிலும் குவைத்திலும் இருக்கிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் புத்தகம் இந்த வழியில்தான் போய்ச் சேர்ந்தது.

கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்த இன்னொரு விஷயம்: சொந்தமாகப் போட்டாலும் சட்டப்படி நாம் பதிப்பாளர். 1954-ஆம் வருஷத்துச் சட்டப்படி புத்தகம் வெளிவந்து 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாராவுக்கும், மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் பிரதி அனுப்ப வேண்டும். அதற்கென நான்கு பிரதிகளைத் தனியாகக் கட்டி முகவரியும் ஒட்டித் தந்தார்.

போவதாக இருந்தால் மாதம் பார்த்துப் போங்கள். ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் கல்யாணம் இல்லை, தவக்காலத்தில் கிறிஸ்தவக் கல்யாணம் இல்லை. கார்டு வேலை குறைவான அந்த நாட்களில்தான் அந்தப் பெண்ணுக்கு உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகப் பார்க்க நேரம் கிடைக்கும்.