பேலூர், ஹளேபீடு ஒரே நாளில்: பெங்களூருவில் பணம் கட்டும் முன் கவனிக்க வேண்டியவை

நீண்ட வார விடுமுறை நெருங்கினால் பெங்களூருத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரி விளம்பரம் சுற்ற ஆரம்பித்துவிடும். "பேலூர், ஹளேபீடு ஒரு நாள் சுற்றுலா. ஏசி டெம்போ டிராவலர், தமிழ் கைடு, காலை டிபன், மதியச் சாப்பாடு, நுழைவுக் கட்டணம் எல்லாம் சேர்த்துத் தலைக்கு 1,899 ரூபாய்." அப்படி ஒரு டூரில் பணம் கட்டிப் போனவர்களுக்கு, ஹொய்சள மன்னர் காலத்துச் சிற்பக் கோயில்களைப் பார்க்கக் கிடைத்தது பேலூரில் 40 நிமிடம், ஹளேபீட்டில் 25 நிமிடம். புகார் நடந்துகொண்டிருப்பதால் நடத்தியவரின் பெயரைப் போடவில்லை. இதே முறையில் இன்னும் பலர் நடத்துகிறார்கள். பெயரைத் தெரிந்துகொள்வதைவிட, எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்துகொள்வதுதான் உதவும்.

அன்று நடந்தது இது. எலெக்ட்ரானிக் சிட்டியில் 5.30 மணிக்கு என்று சொன்ன வண்டி 6.10க்கு வந்தது. பொம்மனஹள்ளி, மடிவாளா, அல்சூர், ஸ்ரீராமபுரம், யஷ்வந்த்பூர் என்று ஒவ்வொரு இடத்திலும் நின்று ஆள் ஏற்றி, கொரகுண்டேபாளையத்தைத் தாண்டும்போது மணி 8. குணிகல் அருகே டிபனுக்கு ஒரு மணி நேரம். அதற்குப் பிறகு டிரைவர், "சார், உங்களுக்கு ஒரு போனஸ்" என்று சொல்லிவிட்டு வண்டியைச் சரவணபெளகொளாவுக்குத் திருப்பினார். விளம்பரத்தில் அந்த ஊர் பேச்சே இல்லை. வண்டியில் இருந்த வயதானவர்கள் அங்குள்ள விந்தியகிரி மலையின் 600க்கும் மேற்பட்ட படிகளை வெறுங்காலில் ஏற முடியாமல் கீழேயே உட்கார்ந்திருந்தார்கள். அங்கிருந்து ஹாசனில் சாப்பாடு. பேலூர் போய்ச் சேர்ந்தபோது மாலை 3.45. 4.25க்கு எல்லோரையும் கூப்பிட்டு வண்டியில் ஏற்றி, ஒரு கல் சிற்பக் கடையில் அரை மணி நேரம் இறக்கிவிட்டார்கள். ஹளேபீட்டில் நுழைந்தது 5.35க்கு. 6 மணிக்குக் காவலர் விசில் ஊதிவிட்டார். வீடு திரும்பியது நள்ளிரவுக்கு மேல்.

"தமிழ் கைடு" என்று வந்த இளைஞர் டிரைவரின் உதவியாள். கைப்பேசியில் இருந்த நான்கு பத்தியைப் படித்துக் காட்டினார். பேலூர் வாசலில் உள்ளூர் கைடு ஒருவரை அமர்த்த வேண்டும் என்று தலைக்கு 100 ரூபாய் தனியாக வாங்கினார்கள். அவரிடம் அடையாள அட்டை இல்லை. "நுழைவுக் கட்டணம் சேர்த்து" என்பதும் வெறும் வார்த்தைதான், இந்த இரண்டு கோயிலுக்கும் நுழைவுச் சீட்டே கிடையாது. சீட்டு வாங்கிப் போக வேண்டிய ஹொய்சளக் கோயில் சோமநாதபுரம். இல்லாத செலவைச் சேர்த்துச் சொல்லி, விலை மலிவு என்று நம்ப வைக்கிறார்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இதைக் கண்டுபிடித்திருக்கலாம். பென்சிலும் காகிதமும் போதும். பெங்களூருவிலிருந்து பேலூர் சுமார் 220 கிலோமீட்டர். நெலமங்களா, குணிகல், சென்னராயபட்டணா, ஹாசன் வழியாகப் போனால், நிற்காமல் ஓடினாலும் நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. பேலூரிலிருந்து ஹளேபீடு 16 கிலோமீட்டர், அரை மணி நேரம். திரும்பி வர இன்னொரு நான்கு, நான்கரை மணி நேரம். ஓட்டத்துக்கு மட்டும் ஒன்பது மணி நேரம் போய்விடுகிறது. டிபனுக்கும் சாப்பாட்டுக்கும் ஒன்றரை மணி நேரம். பேலூருக்குக் குறைந்தது இரண்டரை மணி நேரம், ஹளேபீட்டுக்கு இரண்டு. கூட்டினால் பதினைந்து மணி நேரம். காலை 5 மணிக்கு ஊர் எல்லையைத் தாண்டினால் இரவு 8 மணிக்குத் திரும்பலாம். இந்தக் கணக்கில் மூன்றாவது ஊருக்கோ கடைக்கோ இடமே இல்லை. "போனஸ்" என்று எதைச் சேர்த்தாலும், அது கோயிலுக்கு வைத்த நேரத்திலிருந்துதான் போகிறது.

அதனால் விளம்பரம் போட்டவரிடம் முதல் பிக்கப் எத்தனை மணிக்கு என்று கேட்டுப் பயனில்லை. "கடைசி ஆளை ஏற்றிவிட்டு நெலமங்களா டோலை எத்தனை மணிக்குத் தாண்டுவீர்கள்?" என்று கேளுங்கள். ஆறரைக்கு மேல் என்று பதில் வந்தால் அந்த டூரை விட்டுவிடுவது நல்லது. எலெக்ட்ரானிக் சிட்டியிலோ ஒயிட்ஃபீல்டிலோ தொடங்கி ஐந்து ஆறு இடங்களில் ஆள் ஏற்றும் வண்டிக்கு ஊரை விட்டு வெளியேறவே ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். பிறகு இரண்டு கோயிலிலும் இறங்கும் நேரம், கிளம்பும் நேரம், வழியில் நிற்கும் கடைகள் எல்லாவற்றையும் எழுத்தில் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். ஒழுங்காக நடத்துபவர் யோசிக்காமல் அனுப்பிவிடுவார். "அதெல்லாம் டிராஃபிக்கைப் பொறுத்து, சார்" என்று மழுப்புபவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

எந்தக் கோயிலை எப்போது பார்ப்பது என்பதும் முக்கியம். பேலூர் சென்னகேசவர் கோயிலில் இன்றும் பூஜை நடக்கிறது. மதியம் கருவறை சாத்திவிடுவார்கள். ஒரு மணிக்கு வாசலில் இறக்கிவிட்டால் பெருமாளைச் சேவிக்கவே முடியாது. ஹளேபீட்டு ஹொய்சளேஸ்வரர் கோயில் தொல்லியல் துறையின் கையில் இருக்கிறது. சூரியன் மறையும் நேரத்தில் மூடிவிடுவார்கள். இரண்டு கோயிலும் கிழக்குப் பார்த்தவை. ஹளேபீட்டில் மேற்குப் பக்கத்து வெளிச்சுவர்தான் சிற்பக் களஞ்சியம், அதற்கு வெயில் பிற்பகலில்தான் வரும். ஆக, காலையில் பேலூர், மூன்று மணி வாக்கில் ஹளேபீடு. ஐந்தரை மணிக்கு மேல் போனால் அந்தக் கரிய கல்லில் செதுக்கல் எது நிழல் எது என்று கண்ணுக்குப் பிடிபடாது. குளிர்காலத்தில் இன்னும் சீக்கிரம் இருட்டிவிடும். வளாகத்தில் உள்ள அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.

நாற்பது நிமிடத்தில் எதையெல்லாம் தவறவிடுகிறோம் என்று தெரிந்தால்தான் இந்த ஏமாற்றின் அளவு புரியும். பேலூர் கோயில் 1117-இல் ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தன் எடுப்பித்தது. தலக்காட்டில் சோழர் படையை வென்றதன் நினைவாகக் கட்டியது என்பது பரவலான கருத்து. இராமானுஜருக்கும் இந்த மன்னனுக்கும் இருந்த தொடர்பை வைணவ மரபு விரிவாகவே பேசுகிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு இந்தக் கோயில் பக்கத்து வீட்டு வரலாறு. அதை ஒரு வரிகூடச் சொல்லாமல் "இது ஆயிரம் வருஷக் கோயில், போட்டோ எடுத்துக்கோங்க" என்று நகர்த்திக்கொண்டு போகும் கைடுக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

கூரை விளிம்புக்குக் கீழே சாய்வாக நிற்கும் மதனிகைகள் என்ற பெண் சிற்பங்கள் வெளியே 38, உள்ளே நவரங்கம் என்ற மண்டபத்தில் 4. ஒவ்வொன்றையும் தலையைத் தூக்கி நின்று பார்க்க வேண்டும். ஒரு சிலையில் பெண்ணின் தலைக்கு மேல் கொடிப் பந்தல், அதில் ஒரு பலாப்பழம், பழத்தின் மேல் ஒரு ஈ, அந்த ஈயைப் பிடிக்கக் காத்திருக்கும் பல்லி. கட்டைவிரல் அளவுகூட இல்லாத இந்த விவரத்தை, விஷயம் தெரிந்த கைடு விளக்கடித்துக் காட்டினால்தான் பார்க்க முடியும். பல சிற்பங்களின் பீடத்தில் செதுக்கியவரின் பெயர் இருக்கிறது. பள்ளிகாவி என்ற ஊரிலிருந்து வந்த தாசோஜா, அவர் மகன் சாவணா. ஹளேபீட்டிலும் மாபலா, பள்ளணா, கேதணா, ரேவோஜா என்று கையெழுத்துகள் உண்டு. இத்தனை பேர் கல்லில் பெயர் வைத்திருக்க, எல்லாவற்றையும் ஜகணாச்சாரி என்ற ஒரே சிற்பி செய்தார் என்ற கதையை மட்டும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். கதையைச் சொல்லட்டும், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கையெழுத்தையும் காட்ட வேண்டும்.

இன்னொரு தொல்லை, "இதைக் கல்லை உருக்கி அச்சில் வார்த்திருக்கிறார்கள்", "அந்தக் காலத்திலேயே மெஷின் இருந்தது" என்று அடித்துவிடும் கைடுகள். இது மாவுக்கல் வகை. வெட்டியெடுக்கும்போது மென்மையாக இருக்கும், காற்றுப் பட்டுப் பட்டு இறுகும். அதனால்தான் நகைக் கண்ணியளவு நுணுக்கம் சாத்தியமாயிற்று. உள்ளே பளபளவென்று நிற்கும் உருண்டைத் தூண்கள் கடைந்தெடுத்தவை. இதைச் சொல்லத் தெரியாமல் யூடியூபில் கேட்டதை ஒப்பிப்பவருக்கு நூறு ரூபாய்கூட அதிகம்.

வாசலில் கைடு அமர்த்துவதானால் சுற்றுலாத் துறை கொடுத்த, புகைப்படத்துடன் கூடிய அடையாள அட்டையைக் கேளுங்கள். கட்டணம் தலைக்கா, குழுவுக்கா, எத்தனை நிமிடம் என்பதை நடக்க ஆரம்பிக்கும் முன்பே பேசிவிடுங்கள். கூடவே இரண்டு கேள்வி: "தாசோஜா கையெழுத்து எங்கே இருக்கிறது?", "ஹளேபீட்டில் அடிச்சுவர் வரிசைகள் கீழிருந்து மேலே என்னென்ன?" யானை வரிசையில் ஆரம்பித்து, சிங்கம், பூங்கொடி, குதிரை, புராணக் காட்சி என்று ஏறி, அன்னத்தில் முடிப்பவரை நம்பிப் போகலாம். ஹளேபீட்டில் கேதாரேஸ்வரர் கோயிலும், பசதிஹள்ளியில் பார்சுவநாதர் உள்ளிட்ட மூன்று சமணக் கோயில்களும் நடந்துபோகும் தூரத்தில்தான் இருக்கின்றன. பெரும்பாலான டூர்கள் அந்தப் பக்கமே போவதில்லை.

கடைகள் பற்றிக் கொஞ்சம். வண்டி உள்ளே நுழைந்ததும் கடைக்காரர் வண்டி எண்ணைக் குறித்துக்கொள்கிறார் என்றால், நீங்கள் வாங்கும் பொருளின் விலையில் டிரைவருக்கும் பங்கு இருக்கிறது. "ஹொய்சளக் கல்லில் கையால் செதுக்கியது" என்று விற்கும் சிலைகளில் கல்தூளையும் பிசினையும் கலந்து அச்சில் வார்த்தவையும் உண்டு. அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஓரத்தில் மெல்லிய தையல் கோடு ஓடினாலோ, ஊசிமுனை அளவு காற்றுக் குமிழிகள் தெரிந்தாலோ அது வார்ப்பு. கையில் எடுத்தால் கனமும் குறைவாக இருக்கும். உண்மையான மாவுக்கல்லை நாணயத்தின் விளிம்பால் அடியில் கீறினால் வெள்ளைப் பொடி உதிரும்.

வண்டியைப் பற்றி: வாடகை வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. வெள்ளைப் பலகை என்றால் சொந்த உபயோக வண்டி, அதில் காசு வாங்கி ஆள் ஏற்றக் கூடாது. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க அதுவே காரணமாகிவிடும். முந்தைய நாளே வண்டி எண்ணை வாங்கி எம்-பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். எந்த வகை வண்டி, தகுதிச் சான்றும் காப்பீடும் எந்தத் தேதிவரை என்று தெரியும். மேலே சொன்ன டூரில் கடைசி நிமிடத்தில் வந்து நின்றது வெள்ளைப் பலகை வண்டி. எண் முன்கூட்டியே கேட்கப்படவில்லை.

பணம் யாருடைய பெயருக்குப் போகிறது என்பதையும் பாருங்கள். அரசுச் சுற்றுலாக் கழகத்தின் பெயரைப் போலவே தோன்றும் பெயரில் விளம்பரம் இருக்கும், யுபிஐ-யில் பணம் அனுப்பும்போது ஒரு தனி ஆளின் பெயர் வரும். பில்லில் ஜிஎஸ்டி வாங்கினால் 15 எழுத்துள்ள பதிவு எண் இருக்க வேண்டும். கர்நாடகாவில் பதிந்தவர்களுக்கு அது 29 என்று தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் உரிமையாளர் யார் என்று தெரிந்துவிடும். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குக் கீழ் உள்ள சிறு நடத்துநருக்குப் பதிவு கட்டாயமில்லை. ஆனால் பதிவில்லாதவர் ஜிஎஸ்டி என்று சொல்லிப் பணம் வாங்க முடியாது. பாதிப் பணத்தை ஹளேபீடு பார்த்து முடித்த பிறகு தருகிறேன் என்று பேசிப் பாருங்கள். ஒப்புக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

மோசம் போய்விட்டது என்றால் அன்றே செய்ய வேண்டியவை: விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட், யுபிஐ பரிவர்த்தனை எண், ஒவ்வொரு இடத்திலும் இறங்கிய நேரம் தெரியும் படங்கள், வண்டி எண் பலகையின் படம் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். சொன்னது என்ன, நடந்தது என்ன, எவ்வளவு திரும்ப வேண்டும் என்று நடத்தியவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள், தமிழிலும் பேசலாம். அதிலும் தீராவிட்டால் இ-ஜாக்ரிதி தளத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். "பணம் திரும்பத் தரப்படாது" என்று விளம்பரத்தின் அடியில் ஒரு வரி போட்டுவிட்டால் இந்த உரிமை போய்விடாது. பணம் வாங்கிக்கொண்டு வண்டியே வராமல் ஆள் மறைந்துவிட்டால் மட்டும் உடனே 1930. அது இணைய நிதி மோசடிக்கான எண். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை வங்கியில் நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஒரு நாள் டூரை விட்டுவிட்டு ஹாசனில் ஓர் இரவு தங்குங்கள். பெங்களூருவிலிருந்து ஹாசனுக்கு ரயிலும் உண்டு, அரசுப் பேருந்தும் அடிக்கடி உண்டு. அங்கிருந்து பேலூர் 40 கிலோமீட்டருக்குள், ஹளேபீடு 30 சொச்சம். கோயில் தளத்தில் செருப்பு கூடாது, மதிய வெயிலில் கல் கொதிக்கும். தடிமனான காலுறை ஒரு ஜோடியும், உள் மண்டபத்து விதானத்தைப் பார்க்க ஒரு டார்ச்சும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மேலே சொன்ன அதே வண்டியில் வந்தவர்கள் அந்த விளம்பரத்தையும் குழு உரையாடலையும் அழித்துவிடாதீர்கள். நடத்தியவர் தலைக்கு 300 ரூபாய் தருகிறேன், புகாரைத் திரும்பப் பெறுங்கள் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசுகிறார். ஒப்புக்கொள்வது அவரவர் விருப்பம். ஆனால் வாய்மொழியாகச் சம்மதிக்க வேண்டாம். அவர் சொல்வதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.