ஷாங்காய் செல்வோர் கவனத்துக்கு: மெட்ரோ வாசலில் ஒரு தேநீர் விருந்து

ஷாங்காயில் மக்கள் சதுக்க மெட்ரோ நிலையத்துக்கு வெளியே யாராவது சிரித்த முகத்துடன் வந்து, "எங்களை ஒரு படம் எடுத்துத் தருகிறீர்களா?" என்று நல்ல ஆங்கிலத்தில் கேட்டால், படத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். நாஞ்சிங் சாலையிலும் இதே மோசடிக் கூட்டம் உலவுகிறது.

ரயிலைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 18 யுவானுக்கு ஒரு நாள் பாஸ், 24 மணி நேரம் செல்லும். இரண்டாம் வழித்தடத்தில் லூஜியாசுய் போய்க் கோபுரங்களை அண்ணாந்து பார்த்தேன். பத்தாம் வழித்தடத்தில் யூயுவான் தோட்டம். நிலையத்துக்கு நிலையம் பையை எக்ஸ்ரேயில் போட்டு எடுப்பது ஒன்றுதான் தொல்லை.

மாலையில் மக்கள் சதுக்கத்தில் வந்து பிடித்துக்கொண்டவர்கள் இரண்டு இளம்பெண்கள். ஹார்பினிலிருந்து வந்த மாணவிகளாம், அவர்களுக்கும் ஊர் புதிதாம். பக்கத்தில் தேநீர்ச் சடங்கு நடக்கிறது, சேர்ந்து பார்க்கலாம் என்றார்கள். மாடியில் சன்னல் இல்லாத சிற்றறை. ஓர் அம்மாள் களிமண் தேரை பொம்மையின் தலையில் வெந்நீர் ஊற்றி, தேநீருக்கு ஒரு கதை சொன்னார். கிண்ணமோ இரண்டு மிடறுக்குக் காணாது.

பிறகு வந்தது பில். ஆறு வகைத் தேநீர், வகைக்குத் தலைக்கு 48 யுவான், மூவருக்கு 864. அறை வாடகை 300. நாங்கள் கேட்காமலே வைத்த தர்பூசணி விதைத் தட்டுக்கு 120. ஆக 1,284! "பகிர்ந்துகொள்வோம்" என்று மாணவிகள் தங்கள் பங்கைக் கைபேசியில் உடனே செலுத்திவிட்டார்கள். அந்தப் பணம் யாரிடம் திரும்பும் என்று ஊகிக்கப் பெரிய மூளை வேண்டாம். விலைப்பட்டியலைக் கேட்டதும் அம்மாளுக்கு ஆங்கிலம் மறந்துபோனது. 110க்கு அழைத்துப் போலீஸைக் கூப்பிடுவேன் என்றேன். ஓர் ஆள் வந்து வாசலை அடைத்து நின்றான். என் பங்கான 428 யுவானை அலிபே என்ற கைபேசிப் பணச் செயலியில் செலுத்திவிட்டு, இறங்கும்போது பெயர்ப்பலகையைப் படம் எடுத்துக்கொண்டேன். ரசீது கேட்டேன், தரவில்லை.

மறுநாள் விடுதி வரவேற்பாளர் அந்தக் கடைக்குத் தொலைபேசியில் பேசினார். நுகர்வோர் புகார் எண் 12315ஐ அவர் சொன்ன பிறகுதான் எதிர்முனையில் குரல் இறங்கியது. 300 யுவான் திரும்பி வந்தது. யாருக்கு, எப்போது, எவ்வளவு என்று அலிபேயில் பதிவாகியிருந்ததால் அவர்களால் மறுக்க முடியவில்லை. இப்படி மாட்டிக்கொண்டால் ரொக்கமாக மட்டும் கொடுக்காதீர்கள்.