பாதாம் வாசனை செண்ட்: ஹிப்னாடிக் பாய்சனுடன் சில வருடங்கள்

டியோர் நிறுவனத்தின் ஹிப்னாடிக் பாய்சன் செண்ட் என் அலமாரிக்கு வந்து வருடக்கணக்காகிறது. ஓ டி டாய்லெட் வகை, அதாவது வாசனைச் சாரம் சற்றுக் குறைவாகக் கலந்தது. ஒரு பாட்டில் தீர்ந்து, அடுத்ததும் பாதிக்கு வந்துவிட்டது. நடுவில் கேரமல், சாக்லேட், பஞ்சுமிட்டாய் என்று இனிப்பு செண்ட் எத்தனையோ வாங்கினேன். எல்லாம் கொஞ்ச நாளில் திகட்டிப்போய்த் தங்கைக்குப் போய்ச் சேர்ந்தன. இது மட்டும் நிலைத்தது.

காரணம் இதன் கசப்புதான் என்பது என் கணிப்பு. இந்தத் தின்பண்ட வாசனை செண்ட்களைக் கூர்மாண்ட் என்பார்கள். 1992இல் வந்த மியூக்ளர் நிறுவனத்தின் ஏஞ்சல் செண்ட்தான் அந்தப் பாணியைப் பெரிதாகக் கிளப்பிவிட்டது. அதில் வரும் பஞ்சுமிட்டாய் மணத்துக்கு எத்தில் மால்ட்டால் என்ற பொருள் காரணம். பின்னால் வந்தவற்றில் பல அந்தச் சர்க்கரையை மட்டும் பிடித்துக்கொண்டன. மதியத்துக்குள் மூக்கு சலித்துவிடும்.

ஹிப்னாடிக் பாய்சனில் இருக்கும் பாதாமின் கதையே வேறு. நாம் இரவில் ஊறவைத்து உரித்துத் தின்கிற பாதாமுக்குப் பெரிதாக வாசனை கிடையாது. பாதாம் பாலில் மணப்பது பெரும்பாலும் ஏலக்காயும் குங்குமப்பூவும்தான். செண்டில் வருவது கசப்புப் பாதாமின் மணம். அந்தப் பருப்பில் அமிக்டலின் என்ற பொருள் இருக்கிறது. நசுக்கி நீர் பட்டால் அது உடையும். ஒரு பக்கம் மணம் தரும் பென்சால்டிஹைடு, இன்னொரு பக்கம் ஹைட்ரஜன் சயனைடு. ஆம், விஷமேதான். செண்டுக்குப் போகும்போது சயனைடு இருக்காது, பயப்பட வேண்டாம். பென்சால்டிஹைடை ஆலையிலேயே தயாரிக்கிறார்கள். ஆனாலும் 1998இல் வாசனைக் கலைஞர் அன்னிக் மெனார்டோ உருவாக்கிய இந்த செண்டுக்கு, டியோரின் ‘பாய்சன்’ (விஷம்) வரிசையின் குடும்பப் பெயர் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

அடித்தவுடன் வருவது இனிப்பு இல்லை. சுருக்கென்று ஒரு மருந்து நெடி. “என்னக்கா, இருமல் சிரப் குடிச்சியா?” என்று தங்கை இன்றும் கேட்கிறாள். அவள் மூக்கைக் குறை சொல்ல முடியாது. செர்ரி சுவை சேர்த்த மிட்டாயிலும் சிரப்பிலும் வருவது இதே பென்சால்டிஹைடுதான். கொஞ்ச நேரம் பொறுத்தால் சீமைச் சீரகத்தின் வறண்ட காரம் எட்டிப்பார்க்கும். அது பாதாமைப் பாயசமாக விடாமல் இழுத்துப் பிடிக்கிறது. அடியில் மல்லிகை. ஆனால் தலையில் வைத்த பூ மாதிரி கும்மென்று தெரியாது, தேடினால்தான் கிடைக்கும். கடைசியில் வெனிலாவும் கஸ்தூரியும் தோலோடு ஒட்டிக்கொள்ளும். துப்பட்டாவில் பட்டால் மறுநாளும் போகாது.

சென்னை வெயிலுக்கு இது ஆகாது. மே மாதம் இதை அடித்துக்கொண்டு கூட்டமான பேருந்தில் ஏறினால் பக்கத்தில் நிற்பவருக்குத் தலைவலி உறுதி. மார்கழிக் கச்சேரி, மழைநாள், ஏசி அலுவலகம் என்றால் பிரமாதம். அப்போதும் கழுத்தில் ஒரு தடவை அடித்தாலே போதும். இரண்டு அடித்தால் லிஃப்டில் நமக்கு முன்னால் வாசனை போய்ச் சேரும்.

வைக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். பென்சால்டிஹைடு காற்று பட்டால் மெல்ல மெல்ல வாசனையில்லாத பென்சாயிக் அமிலமாக மாறக்கூடியது. முதல் பாட்டிலின் கடைசிப் பகுதியில் அந்தத் தொடக்கச் சுருக்கு மழுங்கி, வெனிலா மட்டும் ஓங்கி நின்றதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இப்போது வெளிச்சம் படாமல் துணி அலமாரிக்குள் வைக்கிறேன். குளியலறை அலமாரி வேண்டவே வேண்டாம்.

இதே பாதாமில் வேறு முகமும் உண்டு. டாம் ஃபோர்டின் லாஸ்ட் செர்ரி (2018) பாதாமைச் செர்ரிப் பழமாக்கிக் காட்டுகிறது. முதல் அரை மணி நேரம் அபாரம், அந்த விலைக்கு அது போதாது என்பேன். கரோலினா ஹெரேராவின் குட் கேர்ள் (2016) பாதாமோடு காபி சேர்த்தது. விருந்துக்குச் சரி, தினமும் என்றால் எனக்கு அலுக்கும். கெர்லானின் லெர் ப்ளூ 1912இலேயே வந்தது. அதில் பாதாம் சாயலைத் தருவது ஹீலியோட்ரோபின் என்ற வாசனைப் பொருள். அந்தப் பொருளை முதன்முதலில் எடுத்தது நம் மிளகுக்குக் காரம் தரும் பைப்பரினிலிருந்து என்பது உபரித் தகவல். பழைய பவுடர் டப்பா மணம் பிடித்தவர்கள் அதைத் தேடலாம்.

ஹிப்னாடிக் பாய்சனை வாங்குவதாக இருந்தால் கடையில் தரும் காகிதப் பட்டையை மட்டும் முகர்ந்து முடிவெடுக்காதீர்கள். காகிதத்தில் மருந்து நெடிதான் முதலில் தூக்கும். மணிக்கட்டில் ஒரு தடவை அடித்துக்கொண்டு, கடையை விட்டு வெளியே வந்து, ஒரு காபி குடித்துவிட்டு முகர்ந்து பாருங்கள். அப்போதும் சிரப்தான் ஞாபகம் வருகிறது என்றால் விட்டுவிடலாம், இது உங்களுக்கானது இல்லை.