குயின் மேரி 2 இரவு விருந்து: கவுன் வாங்காமலே சமாளித்தேன்

சவுத்தாம்டனிலிருந்து நியூயார்க்குக்கு ஏழு இரவுகள். குனார்ட் நிறுவனத்தின் இந்தக் கப்பலில் டிக்கெட் விலையைவிட என் வீட்டுக்காரரைப் பயமுறுத்தியது உடை விதிதான். "சாப்பிடப் போறதுக்கு எதுக்கு போ டை?" என்று ஒரே புலம்பல்.

அவ்வளவு கெடுபிடி இல்லை. மாலை 6 மணிக்கு மேல் காலர் வைத்த சட்டையும் பேன்ட்டும் போதும். கிழிசல் ஜீன்ஸ் கூடாது. காலா எனப்படும் சிறப்பு விருந்து இரவுகளில்தான் ஆண்களுக்கு டக்சிடோ அல்லது டார்க் சூட், பெண்களுக்கு கவுன், காக்டெய்ல் டிரஸ் மாதிரியான விருந்து உடை. தேசிய உடையும் செல்லும் என்று விதியிலேயே இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரர்கள் அவர்களுடைய கட்டம்போட்ட பாவாடையான கில்ட்டில் வரலாம். அப்புறம் நமக்கென்ன, புடவைதான்!

ஆனால் எந்தப் புடவை என்பதில் கவனம் வேண்டும். கல்யாணத்துக்குக் கட்டும் கனத்த காஞ்சிபுரம் வேண்டாம். அட்லாண்டிக்கில் கப்பல் ஆடும்போது ஒரு கை படிக்கட்டுக் கைப்பிடிக்கு, ஒரு கை கொசுவத்துக்கு என்று போய்விடும். கறுப்பு, வெள்ளை உடைக்கான காலா இரவுக்கு நான் கட்டியது சின்னக் கரை வைத்த கறுப்பு மென்பட்டு. கொசுவத்தில் கூடுதலாக ஒரு ஊக்கு, காலுக்குத் தட்டைச் செருப்பு. பிரிட்டானியா உணவகத்தின் ஏசிக்கு முந்தானையைத் தோளோடு போர்த்திக்கொண்டால் சால்வையே வேண்டாம். குயின்ஸ் ரூம் நடன அரங்கில் வால்ட்ஸ் ஆடவும் இது தோது.

இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுபோகாதீர்கள், அறையில் அனுமதியில்லை. பொது சலவை அறையில் இலவசமாகவே இருக்கிறது. காலா அன்று காலையிலேயே முடித்துவிடுங்கள்.

அலங்காரம் பிடிப்பவர்களுக்கு ஐந்து நட்சத்திரம். கோட்டே ஆகாதவர்களுக்கு கிங்ஸ் கோர்ட் பஃபேயும் கோல்டன் லயன் பப்பும் இருக்கின்றன.