மோட்டாரை நிறுத்தினால் 'டம்': பழைய வால்வைச் சுத்தம் செய்வதா, ஸ்பிரிங் வால்வு போடுவதா?

தருமபுரி குமாரசாமிப்பேட்டையில் எங்கள் வீட்டுச் சம்பிலிருந்து மாடித் தொட்டிக்குப் போகும் குழாயில், மோட்டாரை நிறுத்திய மறுநொடி 'டம்' என்று சத்தம் வரும். விடிகாலை 5 மணிக்கு மோட்டார் போடுகிற வீடு. பக்கத்துப் போர்ஷனில் கைக்குழந்தை. "தம்பி, கொஞ்சம் விடிஞ்சதும் போடுறீங்களா? பாப்பா முழிச்சிக்குது" என்று அந்த அக்கா கேட்டதும் மனசு சங்கடமாகிவிட்டது. அன்றே குறைந்த செலவில் என்ன செய்யலாம் என்று பார்க்க ஆரம்பித்தேன்.

சத்தம் வருவது என்.ஆர்.வி.யில், அதாவது ஏறிய தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாத வால்வில். எங்களுடையது உள்ளே தட்டு தொங்கும் பழைய வகை. மோட்டார் நின்றதும் மேலே போன தண்ணீர் ஒரு கணம் நின்று கீழே திரும்புகிறது. தட்டு தாமதமாக விழுவதற்குள் தண்ணீர் வேகம் எடுத்துவிடுகிறது. மூடிய தட்டில் மோதி அது சட்டென்று நிற்கும் அடிதான் அந்த 'டம்'. நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீர் இப்படி நின்றால் இரும்புக் குழாயில் 10 பாருக்கு (காற்றழுத்தத்தைப் போல் சுமார் 10 மடங்குக்கு) மேலேயே அழுத்தம் எகிறும். பி.வி.சி. சற்று விரிந்துகொடுப்பதால் அடி குறைவு, ஆனாலும் ஒட்டிய இணைப்புகளை அது நாளாவட்டத்தில் தளர்த்திவிடும்.

செலவு செய்வதற்கு முன் ஒரு சோதனை. ஒருவர் சுவிட்சை அணைக்கும்போது இன்னொருவர் குழாயைச் சுவரோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். சத்தம் பாதியாகக் குறைந்தால் கிளாம்ப் தளர்ந்திருக்கிறது, அதை முடுக்கினாலே போதும். எங்களுக்குக் குறையவில்லை.

சுத்தம் செய்வதுதான் மலிவு. எங்கள் சம்பில் ஒகேனக்கல் தண்ணீரும் போர் தண்ணீரும் கலக்கும். போர் தண்ணீரின் உப்பு தட்டின் கீலில் வெள்ளையாகப் படிந்து அதை இறுக்குகிறது. எலுமிச்சை உப்பு கரைத்த வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய பல் பிரஷால் தேய்த்தால் போய்விடும். கழிவறை ஆசிட் வேண்டாம், பித்தளையை அரித்துவிடும். ரப்பர் வாஷரையும் மாற்றினேன். மொத்தம் 40 ரூபாய். மோட்டார் நின்றபின் 'ஸ்ஸ்' என்று தண்ணீர் கசிந்து இறங்குவது நின்றது, தொட்டிக் குழாய் காலியாவதும் நின்றது. ஆனால் 'டம்' கொஞ்சம் மட்டுப்பட்டதே தவிர போகவில்லை. தட்டு விழும் தாமதம் அந்த வகையின் அமைப்பிலேயே இருக்கிறது.

ஸ்பிரிங் வால்வில் அந்தத் தாமதம் இல்லை. ஓட்டம் தளரும்போதே ஸ்பிரிங் தள்ளி மூடிவிடுகிறது, தண்ணீர் திரும்ப நேரமே கிடைப்பதில்லை. 1 இன்ச் பித்தளை வால்வு 480 ரூபாய்க்குக் கிடைத்தது. ஸ்பிரிங் துருப்பிடிக்காத எஃகா என்று கேட்டு வாங்குங்கள். குறை என்னவென்றால், தண்ணீரின் வேகம் சற்றுக் குறையும். உப்பு படிந்தால் ஸ்பிரிங்கும் சிக்கும்.

"வால்வையே எடுத்துடலாம்ணா" என்று பிளம்பர் சொன்னார். எனக்கு ஒப்பவில்லை. அதே அடி சம்பில் உறிஞ்சு குழாயின் அடிமுனையில் இருக்கும் புட் வால்வுக்கும் மோட்டாருக்கும் போய்ச் சேரும். அடியை மெத்தை போலத் தாங்க, காற்று அடைத்த துண்டுக் குழாயை மேல்நோக்கிப் பொருத்துவதும் வழிதான், ஆனால் அந்தக் காற்று மெல்ல மெல்லத் தண்ணீரில் கரைந்துவிடும், உள்ளே ஏறிய தண்ணீரை அவ்வப்போது வடித்துவிட வேண்டும்.

ஆகவே கசிவுச் சத்தம் மட்டும் என்றால் 40 ரூபாயோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 'டம்' என்றால் நேராக ஸ்பிரிங் வால்வுக்குப் போங்கள். நான் இரண்டையும் செய்து பார்த்ததால் ஒரு ஞாயிறு கூடுதலாகப் போனது.

கழற்றும் முன் மெயின் சுவிட்சை அணையுங்கள். 10 மீட்டர் உயர 1 இன்ச் குழாயில் 5 லிட்டர் தண்ணீர் நிற்கும், அடியில் பக்கெட் வையுங்கள். வால்வின் மேல் உள்ள அம்புக்குறி தொட்டிப் பக்கம் பார்க்க வேண்டும். அப்புறம், வால்வுக்குப் பக்கத்தில் ஒரு யூனியன், அதாவது திருகிக் கழற்றி மாட்டும் இணைப்பு, போட்டுவிடுங்கள். அடுத்த வருடம் உப்பெடுக்கும்போது குழாயை அறுக்க வேண்டி வராது.